எழுதுகிறவர் பக்கம்: முதலில் தோழியின் கதையைப் படியுங்கள்

கேள்வி: என் நாவல் பாதியில் நின்று மாதக்கணக்காகிறது. ஒரு வரி எழுதுகிறேன், உடனே அழித்துவிடுகிறேன். இந்த நேரம் பார்த்து, என்னோடு எழுத ஆரம்பித்த தோழி தன் சிறுகதைகளைக் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்கிறாள். அவள் மட்டும் எழுதித் தள்ளுகிறாளே என்று வயிற்றெரிச்சல் வேறு. என் வேலை முடியட்டும், பிறகு படிக்கிறேன் என்று சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம், இன்றைக்கே எடுத்துப் படியுங்கள். அவருக்காக மட்டும் சொல்லவில்லை, உங்கள் நாவலுக்காகவும்தான்.

எழுதி எழுதி அழிக்கிறீர்கள் என்றால் எழுத வராமல் போய்விடவில்லை. ஒவ்வொரு வரியிலும் ‘இது தேறுமா’ என்பதோடு ‘நான் தேறுவேனா’ என்ற விசாரணையும் சேர்ந்து நடக்கிறது. அடுத்தவர் கதையில் அந்த இரண்டாவது கேள்விக்கு இடமில்லை. ‘அட, இந்தக் கதை மூன்றாம் பக்கத்தில்தானே தொடங்குகிறது, அதுவரை வெறும் தொண்டைச் செருமல்’ என்று பட்டென்று தெரிந்துவிடும். அப்படித் தெரிகிறவரைக்கும் உங்கள் தொழில் உங்களிடம்தான் இருக்கிறது.

ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லரைப் பாருங்கள். 1787இல் ‘டான் கார்லோஸ்’ வெளிவந்த பிறகு பல வருடங்கள் வரலாறு, தத்துவம் என்று போய்விட்டார். நாடகம் ஒன்றும் முடியவில்லை. 1794இல் இன்னொரு பெரிய ஜெர்மன் எழுத்தாளரான கோதேயோடு நட்பு ஏற்பட்டது. கோதே அப்போது எழுதிக்கொண்டிருந்த ‘வில்ஹெல்ம் மைஸ்டர்’ நாவலை ஷில்லர் உட்கார்ந்து படித்து, எந்தப் பாத்திரம் நிற்கிறது, எங்கே இன்னும் தெளிவு வேண்டும் என்று நீள நீளமாகக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் உச்சத்தில் இருந்த 1796இலேயே ‘வாலன்ஸ்டைன்’ நாடகத்தில் முழுமூச்சாக இறங்கினார். 1799இல் மூன்று பாகமாக முடித்தார். கடிதம்தான் நாடகத்தைக் கொடுத்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் நண்பனின் நாவலுக்குச் செலவழித்த நேரம் அவருடைய நாடகத்தைக் கெடுக்கவில்லை என்பது நிச்சயம். கோதேயும் சும்மா இல்லை. ஓரங்கட்டி வைத்திருந்த ‘ஃபௌஸ்ட்’ நாடகத்தை ஷில்லரின் நச்சரிப்பால் மறுபடி கையில் எடுத்தார். நீங்கள்தான் என்னை மீண்டும் கவிஞனாக்கினீர்கள் என்று 1798 ஜனவரியில் ஷில்லருக்கு எழுதவும் செய்தார்.

படிப்பது என்றால் ‘அருமை, தொடருங்கள்’ என்று எழுதி அனுப்புவது அல்ல. அது உதவியே இல்லை, தப்பித்துக்கொள்வது. (எனக்கு அப்படி வரும் கடிதங்களில் பாதி, கதையைத் திறக்காமலே எழுதப்பட்டவை என்று சந்தேகம்.) நான் முதல் தடவை பேனாவைத் தொடாமல் படிப்பேன். இரண்டாம் தடவை, கவனம் கழன்ற இடத்தில் ஒரு கோடு, இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே என்று தோன்றிய இடத்தில் ஒரு கோடு. காரணம் தெரியாவிட்டாலும் கோட்டைக் காட்டிவிடுவேன், காரணத்தை எழுதியவர் கண்டுபிடித்துக்கொள்வார். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அவர் வாக்கியத்தை உங்கள் நடைக்கு மாற்றுவது.

அப்புறம், அந்த வயிற்றெரிச்சல். அதை விரட்டப் பாடுபட வேண்டாம், எதன்மேல் என்று பாருங்கள். அவர் உரையாடல் மேலா? பயமில்லாமல் கதையைப் பாதியில் முடித்துவிடும் துணிச்சல் மேலா? உங்கள் நாவலில் எது இல்லையென்று ஏங்குகிறீர்களோ அதுவாகத்தான் இருக்கும். அதைத் தோழியிடமே சொல்லுங்கள். ‘இந்த உரையாடலைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்’ என்பதைவிட நல்ல பாராட்டு ஒரு எழுத்தாளருக்குக் கிடைக்காது.

கேள்வி: நான் எல்லாருக்கும் பிழை திருத்திக் கொடுக்கிறேன். என் எழுத்துதான் கிடப்பில் கிடக்கிறது. நீங்கள் சொல்வது எனக்குப் பொருந்தவில்லையே?

பதில்: பொருந்தாது. நீங்கள் கொடுப்பது போதும், கொஞ்சம் நிறுத்துங்கள். சொந்தப் பக்கத்தைப் பார்க்கப் பயந்து அடுத்தவர் பக்கத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறவர்களும் உண்டு. காலையில் உங்கள் எழுத்து, மிச்ச நேரம்தான் மற்றவர்களுக்கு. ‘இந்த மாதம் ஒரு கதைதான் படிக்க முடியும்’ என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால், சரி, ஒரு கைப்பிரதி குறைந்தது.

கேள்வி: எனக்கு எழுதும் நண்பர்களே இல்லை. நான் யாருக்கு உதவுவது?

பதில்: எழுதுகிறவர்தான் வேண்டுமென்று யார் சொன்னது? சொல்லத் தெரிந்து எழுத முடியாதவர் ஒருவராவது உங்களைச் சுற்றி இருப்பார். வீட்டுப் பெரியவராக இருக்கலாம், கூட வேலை பார்த்து ஓய்வு பெற்றவராக இருக்கலாம். அவர் பேசட்டும், நீங்கள் எழுதுங்கள். என்ன எழுதுவது என்ற கவலை இல்லை, காது மட்டும் திறந்திருந்தால் போதும். அவர் எங்கே மூச்சு விடுகிறாரோ அங்கே முற்றுப்புள்ளி. ‘அதை விடு, அது வேண்டாம்’ என்று அவர் தாண்டிப்போகும் இடத்தையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை எழுதாதீர்கள். முடித்ததும் முழுவதையும் அவருக்குப் படித்துக்காட்டி, அவர் வெட்டச் சொல்வதை வெட்டிவிடுங்கள். மேலே அவர் பெயரைப் போடுங்கள்.