‘கேரட் கேக்’கில் கேரட்டும் இல்லை, கேக்கும் இல்லை: சிங்கப்பூர் உணவங்காடிக்குப் புதிதாக வரும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வி இதுதான்: பூன் லே பக்கம் வாடகை அறை, சமைக்க அனுமதி இல்லை. செவ்வாயும் வெள்ளியும் சைவம், மாடும் பன்றியும் என்றைக்குமே வேண்டாம். மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டால் கட்டுப்படியாகுமா, உணவங்காடியில் எதை எப்படிக் கேட்டு வாங்குவது?

கட்டுப்படியாகும், எங்கே சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து. தெருவோரம் விற்றவர்களை ஓரிடத்தில் அமர்த்த 1971 முதல் 1986 வரை அரசு கட்டியவைதான் பழைய உணவங்காடி நிலையங்கள். காற்றாடி மட்டும்தான், குளிர்சாதனம் இருக்காது, விலை குறைவு. அடுக்குமாடி வீட்டு புளோக்கின் கீழ்த்தளத்தில் இருப்பது காப்பிக்கடை. அதைத் தனியார் நடத்துகிறார்கள், விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கடைத்தொகுதிக்குள் இருக்கும் ‘ஃபுட் கோர்ட்’டில் குளிர்சாதனத்துக்கும் சேர்த்தே நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். இந்த மூன்றிலும் பலகையில் போட்ட விலைதான் கடைசி விலை. உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் தெரிந்தால், 10% சேவைக் கட்டணமும் 9% பொருள் சேவை வரியும் மேலே ஏறும்.

தோராயக் கணக்கு சொல்கிறேன் (டாலரை இங்கே நாம் வெள்ளி என்போம்). வெறும் பராட்டா ஒன்று 1.20 முதல் 1.80 வெள்ளி, தேநீரும் ஏறக்குறைய அதே விலை. கோழிச் சோறு 4 முதல் 6 வெள்ளி. ஒரு நாளைக்கு 15 வெள்ளி என்று வைத்தால் மாதம் 450 ஆகும். பொட்டலம் கட்டினால் டப்பாவுக்கு 20, 30 காசு தனி. அதைத் ‘தபாவ்’ என்பார்கள், மலாய்க் கடையில் ‘புங்குஸ்’. வங்கிக் கணக்கு திறக்கும்வரை 2, 5, 10 வெள்ளித் தாள்கள் கையில் இருக்கட்டும். பிறகு கைப்பேசியில் பணம் அனுப்பும் ‘பேநவ்’ போதும். முன்னால் நிற்பவர் அரசு தரும் ‘சிடிசி’ பற்றுச்சீட்டைக் காட்டிப் பணம் கட்டுவார். அது சிங்கப்பூர்க் குடிமக்கள் வீடுகளுக்கு உரியது, நமக்கு இல்லை.

உள்ளே போனதும் முதலில் இடம். மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலமோ குடையோ கிடந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். ‘சோப்’ செய்வது என்பார்கள். சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் அதை நகர்த்திவிட்டு உட்கார்ந்தால் முகம் சுளிப்பார்கள். நீங்களும் டிஷ்யூ வையுங்கள், கைப்பேசியை வைக்காதீர்கள். பெரும்பாலான கடைகளில் நீங்களே வரிசையில் நின்று, பணம் கொடுத்து, தட்டைத் தூக்கி வரவேண்டும். கொண்டுவந்து தரும் கடையென்றால் மேசை எண்ணைக் கேட்பார்கள், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உணவு ஒரு கடை, பானம் வேறு கடை. சோறு வாங்கிய இடத்திலேயே தேநீர் கேட்டுக்கொண்டு நிற்பது புதியவர் எல்லாரும் செய்வதுதான்.

தேநீருக்கு ஒரு தனி இலக்கணமே உண்டு. சும்மா ‘தே’ என்றால் டின் பால் ஊற்றிய, பல் கூசும் இனிப்பு. ‘தே சி’ என்றால் இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். ‘தே ஓ’ பால் இல்லாதது, ஆனால் சர்க்கரை உண்டு. சர்க்கரையே வேண்டாமென்றால் ‘கோசோங்’, குறைவாக என்றால் ‘சியூ தாய்’, திடமாக ‘காவ்’, ஐஸ் போட்டு ‘பெங்’. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்க வேண்டியதுதான்: ‘தே சி காவ் சியூ தாய்’ என்று கேட்டால் நம்மூர் டீக்கு ஓரளவு பக்கத்தில் வரும். ‘கோப்பி’க்கும் இதே சொற்கள். ஆனால் அதில் ஃபில்டர் காப்பியைத் தேடாதீர்கள். கொட்டையைச் சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துக் கருக வறுக்கிறார்கள், அது வேறு ருசி. இஞ்சி டீ வேண்டுமென்றால் இந்திய முஸ்லிம் கடையில் ‘தே ஹாலியா’.

இனி உங்கள் செவ்வாய், வெள்ளி. இங்கேதான் ஏமாற்றம் அதிகம், ஏனென்றால் பெயரும் தோற்றமும் சைவமாகவே இருக்கும். ‘கேரட் கேக்’ என்பது அரிசிமாவும் முள்ளங்கியும் சேர்த்து அவித்த கட்டியை முட்டையோடு வதக்குவது. மீன் சாறும் சில கடைகளில் பன்றிக் கொழுப்பும் சேரும். சீன ‘ரோஜாக்’கைப் பார்த்தால் அன்னாசி, வெள்ளரி, வேர்க்கடலை; மேலே பூசியிருக்கும் கறுப்புக் குழம்பு இறால் விழுது. ‘கங்கோங்’ கீரை வதக்கலில் பெலாச்சான், அதுவும் இறால்தான். மலாய்க் கடை ‘லொந்தோங்’ தேங்காய்ப்பால் காய்க் குழம்புபோல் இருந்தாலும் காய்ந்த இறால் அரைத்துப் போடுவது வழக்கம். ‘நோ மீட்’ என்று சொல்வது பயன்படாது. மீனும் இறாலும் ‘மீட்’ கணக்கில் வராது என்று நினைத்துப் போட்டுவிடுவார்கள். ‘வெஜிடேரியன், நோ ஃபிஷ், நோ பிரான், நோ எக்’ என்று பிரித்துச் சொல்லுங்கள். அப்போதும் இறைச்சி வதக்கிய அதே வாணலிதான்.

ஆகவே அந்த இரு நாளும் தனிச் சைவக் கடையே நல்லது. சீன சைவக் கடைப் பலகையில் 素 என்ற எழுத்து இருக்கும். அந்த ஓர் எழுத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தட்டில் வறுத்த பன்றிபோல் சிவப்பாக ஏதோ இருக்கும், பயப்பட வேண்டாம், கோதுமைப் பசையிலோ சோயாவிலோ செய்தது. பல கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். முட்டை மட்டும் கேட்டுக்கொள்ளவும். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர்கள் பலர் சைவம் என்பதால் அன்று வரிசை நீளும். பராட்டாக் கடையில் கேட்காமல் ஊற்றும் குழம்பு பெரும்பாலும் மீனோ ஆடோதான். வாயைத் திறந்து ‘பருப்புக் குழம்பு’ என்று கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம், பல கடைகளில் புரியும்.

மற்ற நாள்களுக்குச் சில மலாய்ச் சொற்கள் போதும். ஆயாம் கோழி, இக்கான் மீன், உடாங் இறால், சோத்தோங் கணவாய், காம்பிங் ஆடு, தெலூர் முட்டை. ‘டாகிங்’ என்றால் வெறும் ‘இறைச்சி’ என்று அகராதி சொல்லும், கடையில் அது பெரும்பாலும் மாடு. ‘ரெண்டாங்’ என்ற மசாலாக் கறியை வாங்குமுன் ஆயாமா டாகிங்கா என்று கேட்டுவிடுங்கள். சீனக் கடைப் பெயரில் ‘பாக்’ வந்தால், ‘பாக் குத் தே’, ‘பாக் சோர் மீ’ போல, அது பன்றி. ‘பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை’ என்ற அறிவிப்பு ஹலால் சான்றிதழ் ஆகாது. முஸ்லிம் நண்பரைக் கூட்டிப் போகும்போது மூயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மேசையில் எல்லாரும் சேர்ந்து உட்காருவது இங்கே சாதாரணம்.

பல காய்கறி அடுக்கிவைத்த ‘சாய் பிங்’ கடைதான் தினசரிக்குக் கைகொடுக்கும். விரலால் காட்டினால் சோற்றின்மேல் போடுவார்கள். ஓர் இறைச்சி, இரண்டு காய் என்றால் 4, 5 வெள்ளிக்குள் அடங்கும். மீனையோ இறாலையோ காட்டினால் கணக்கு எகிறும், முழு மீனைக் காட்டினால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொன்றாகக் காட்டும்போதே விலை கேளுங்கள்; தட்டில் விழுந்தபின் திருப்பி எடுக்கமாட்டார்கள். கடல் உணவுக் கடையில் பலகையில் இருப்பது 100 கிராமுக்கான விலையா என்று பார்ப்பதும் அப்படித்தான்.

சாப்பிட்ட தட்டை நீங்களே திருப்பி வைக்க வேண்டும். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் முதல் இது கட்டாயம்: முதல் முறை எழுத்து எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். டிஷ்யூவையும் உறிஞ்சுகுழலையும் மேசையில் விட்டுவிட்டு வந்தாலும் குற்றம்தான். தட்டைத் திருப்பி வைக்கும் அடுக்கில் ஹலால், ஹலால் அல்லாதது என்று இரண்டு பக்கம் இருக்கும், மாற்றி வைக்காதீர்கள். தட்டைத் திறந்தபடி விட்டுப் பானம் வாங்கப் போனால் மைனா முந்திக்கொள்ளும்.

வீட்டு ஏக்கம் வந்தால் லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, பஃபலோ ரோடு பக்கம் தேக்கா நிலையம்: தோசை, பிரியாணி, இந்திய முஸ்லிம் ‘மீ கோரேங்’ (வதக்கிய நூடுல்ஸ்) எல்லாம் ஒரே கூரையின்கீழ். பகலில் போங்கள், இரவு கடைகள் பல மூடியிருக்கும். மலாய்ச் சாப்பாட்டுக்குக் கேலாங் சிராய். குச்சியில் கோத்த இறைச்சியான ‘சாத்தே’ சுடுவதைப் பார்க்க லாவ் பா சாட், அதுவும் மாலைக்குமேல். சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள். முதல் மாதமே அங்கே போய்க் குழம்ப வேண்டாம். உங்கள் வீட்டருகிலேயே பூன் லே பிளேஸ் இருக்கிறது, அங்கே தேங்காய்ப்பால் சோறான ‘நாசி லெமாக்’கிலிருந்து தொடங்கலாம். அதன் சம்பாலில் (மிளகாய் விழுது) பெலாச்சானும், ஓரத்தில் நெத்திலியும் இருக்கும், ஆகவே செவ்வாய் வேண்டாம்.

திங்கள் பல கடைகளுக்கு விடுமுறை. அதோடு ஒவ்வொரு நிலையத்தையும் ஆண்டுக்குச் சில முறை கழுவுவதற்காக மொத்தமாக மூடுவார்கள். தேதிகள் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் தளத்தில் இருக்கும், நுழைவாயிலிலும் ஒட்டுவார்கள். அந்த நாளுக்கு மட்டும் பக்கத்துக் காப்பிக்கடை ஒன்றை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.