வாசகர் கேள்வி – பதில்: தீவில் ஹாங்க்ஸ், பனியில் டிகாப்ரியோ, கடலில் ரெட்ஃபோர்ட்

கேள்வி: ‘காஸ்ட் அவே’ டாம் ஹாங்க்ஸ், ‘தி ரெவனன்ட்’ டிகாப்ரியோ, இருவரில் யார் நடிப்பு உசத்தி? ஆஸ்கர் டிகாப்ரியோவுக்குத்தானே கிடைத்தது?

பதில்: ஆமாம், ஆனால் என்னைக் கேட்டால் ஹாங்க்ஸ்தான். டிகாப்ரியோ உழைப்பில் குறை வைக்கவில்லை; பனியில் ஊர்ந்தார், காட்டெருமை ஈரலைப் பச்சையாகக் கடித்தார், கரடி குதறியபின் பேச்சு வராத ஒருவனை வெறும் மூச்சை வைத்தே நடித்துக் காட்டினார். ஆனால் படம் முடிந்தபின் அவர் பட்ட பாடுதான் நினைவில் நிற்கிறது, அந்த ஆளின் மனசுக்குள் மகனைக் கொன்றவனைப் பழிவாங்குவதைத் தவிர வேறு என்ன ஓடியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விமான விபத்தில் தப்பி, ஆளில்லாத தீவில் தனியாக மாட்டிக்கொண்டவனாக நடித்த ஹாங்க்ஸும் உடம்பை வருத்தியவர்தான். அவர் மெலிந்து தாடி வளர்த்து வருவதற்காகப் படப்பிடிப்பையே ஏறக்குறைய ஒரு வருடம் நிறுத்தி வைத்தார்கள், எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது ஊர் திரும்பிய பிறகு வரும் ஒரு காட்சியை. வரவேற்பு விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பிப் போயிருப்பார்கள், மேசையில் மிச்சம் கிடக்கும் நண்டுக்காலை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார், அப்புறம் ஒரு லைட்டரை எடுத்துத் தட்டுவார், அணைப்பார், திரும்பத் தட்டுவார். தீவில் உள்ளங்கை கிழியக் கட்டையைத் தேய்த்து அந்த நெருப்புக்காக அவர் தவித்ததை நாம் பார்த்திருக்கிறோம், அதனால் முகத்தில் அவர் பெரிதாக எதுவும் காட்டாமலே நமக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. தீவில் இருக்கும்வரை பின்னணி இசையும் கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் ஒரு வாலிபாலையே நண்பனாக்கி, அதோடு சண்டை போட்டு, சமாதானமாகி, நம்மையும் நம்பவைத்தது முழுக்க அவர்தான்.

கேள்வி: ‘ஆல் இஸ் லாஸ்ட்’டில் வசனமே இல்லையாமே, போரடிக்காதா?

பதில்: அடிக்காது, நம்பிப் பாருங்கள். 2013இல் வந்த படம், அப்போது ராபர்ட் ரெட்ஃபோர்டுக்கு 77 வயது. இந்தியப் பெருங்கடலில் தனியாகப் போகும் ஒரு பாய்மரப் படகில் கன்டெய்னர் ஒன்று மோதி ஓட்டை விழுகிறது, படம் முழுக்க அவர் ஒருவர் மட்டும்தான். பதறமாட்டார், புலம்பமாட்டார், பசையைக் குழைத்து ஓட்டையை அடைப்பார், உப்புத்தண்ணீரில் நனைந்த ரேடியோவைக் காயவைப்பார். புயல் வரப்போகிறது என்று தெரிந்தும் கண்ணாடி முன்னால் நின்று முகச்சவரம் செய்துகொள்வார் பாருங்கள், அந்த மனிதர் யார், எப்படி வாழ்ந்தவர் என்பதை எந்த வசனமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது. ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில்கூட அவர் பெயர் வரவில்லை, அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கேள்வி: அப்படியென்றால் ‘127 ஹவர்ஸ்’ ஜேம்ஸ் ஃபிராங்கோ?

பதில்: இந்த வரிசையில் ஹாங்க்ஸ், ரெட்ஃபோர்டுக்கு அடுத்து அவர்தான். எல்லோரும் பாறையில் மாட்டிய தன் கையைத் தானே அறுத்துக்கொள்ளும் காட்சியைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது, பாறையிடுக்கில் சிக்கிய நிலையிலேயே கேமரா முன்னால் தொகுப்பாளராகவும் விருந்தினராகவும் மாறி மாறித் தன்னையே பேட்டி எடுத்துக்கொள்ளும் இடம். யாரிடமும் போகுமிடத்தைச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்பது சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு உறைக்கும். ரஹ்மான் இசைக்காக ஒருமுறை பார்த்தவர்கள், ஃபிராங்கோவுக்காக இன்னொரு முறை பாருங்கள்.