நட்சத்திரம் குவிகிறது, கணக்கு வரவில்லையே?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. தினமும் ஒரு மணி நேரம் டேப்லெட்டில் கணக்குச் செயலியில் பயிற்சி செய்து நட்சத்திரங்களாகக் குவிக்கிறாள். அதே கணக்கைத் தாளில் கொடுத்தால் விழிக்கிறாள். கணினியே வேண்டாம் என்று நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். முதலில் பத்து நிமிடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து விரலை மட்டும் கவனியுங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவாள்; தப்பென்றால் அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. எப்படியும் நட்சத்திரம் விழுந்துவிடும். இதற்காக அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள்; அந்தச் செயலி அவளிடம் கேட்பதே அவ்வளவுதான். தாளில் விடைகள் வரிசையாக வந்து நிற்பதில்லை, அதனால்தான் திணறுகிறாள்.

கணினி பிள்ளையிடம் வேலை வாங்குவதைவிட, பிள்ளை கணினியிடம் வேலை வாங்குவதே படிப்புக்கு உதவும். கணித அறிஞர் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் 1967இல் சிறுவர்களுக்காக லோகோ என்ற நிரல்மொழியை, அதாவது கணினிக்குக் கட்டளையிடும் மொழியை, உருவாக்கியது இதற்காகத்தான். அதன் வழிவந்த ஸ்கிராட்ச் 2007இல் வெளியானது. இலவசம், கணினியில் நிறுவிக்கொண்டால் இணையமும் வேண்டாம். கோடு வரைய, அதிலுள்ள பேனா நீட்சியை (Pen என்ற கூடுதல் கட்டளைத் தொகுப்பை) சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் திரையில் நகரும் உருவத்துக்குக் கட்டளை கொடுத்துச் சதுரம் வரையச் சொல்லுங்கள்: 100 அடி நட, 90 பாகை திரும்பு, நான்கு முறை. எளிதாக வந்துவிடும். அடுத்து முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று தெரிந்த பிள்ளை 60 என்றே போடும். மூன்று கோடுகளும் சேராமல் வாய் பிளந்து நிற்கும். சொல்லிக் கொடுத்துவிடத் துடிப்பீர்கள், பொறுங்கள். அவளை எழுப்பி, தரையில் முக்கோணமாக நடக்கச் சொல்லுங்கள். முனையில் அவள் உடம்பு எவ்வளவு திரும்புகிறது என்று அவளே பார்க்கட்டும். முக்கோணத்துக்குள் இருக்கும் கோணம் வேறு, நடப்பவர் திரும்பும் கோணம் வேறு. திரும்ப வேண்டியது 120. ஆறு முறை என்று மாற்றினால் அவள் முதலில் போட்ட அதே 60 அழகான அறுகோணமாகிவிடும். தவறு வீண்போகாத இந்த அனுபவத்தை எந்த நட்சத்திரமும் தராது.

பழைய செயலியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வாய்ப்பாட்டுப் பயிற்சிக்கு அது போதும். ஆனால் விடைகளைக் காட்டாமல், எண்ணைத் தட்டச்சு செய்யக் கேட்கும் வகையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். எழுத்துகளைக் கையால் எழுதிப் பழகுவதற்கு ஈடாகத் தட்டச்சை வைக்கவே கூடாது. இதில் எனக்குச் சமரசம் இல்லை.

ஒரு மணி நேரம் ஒரே மூச்சில் வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணைத் திரையிலிருந்து எடுத்துத் தொலைவில் பார்க்கட்டும். முடித்ததும் திரையை அணைத்துவிட்டு, “இன்று என்ன செய்தாய்? எங்கே தப்பு வந்தது?” என்று கேளுங்கள். “பத்து நட்சத்திரம் வாங்கினேன்” என்றால் மறுநாள் நீங்களும் கூட உட்காருங்கள். முக்கோணம் ஏன் மூடவில்லை என்று கையை ஆட்டி விளக்கத் தொடங்கினால், அடுத்து ஐங்கோணம் கேளுங்கள். எத்தனை பாகை என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.