சரளமாக வாசிக்கிற குழந்தைக்குக் கதை ஏன் புரிவதில்லை?

கேள்வி: என் மகள் மூன்றாம் வகுப்பு. கதையைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறாள். என்ன புரிந்தது என்று கேட்டால் விழிக்கிறாள். கதைமாந்தர், கதைக்களம், மையக்கருத்து இதையெல்லாம் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்:

முதலில் அவள் வாசிக்காத வேறொரு கதையை நீங்களே படித்துக்காட்டிவிட்டுக் கேளுங்கள். காதால் கேட்டால் புரிகிறது, தானே வாசித்தால் புரியவில்லை என்றால், எழுத்துகளைச் சரியாக உச்சரிப்பதிலேயே அவள் கவனமெல்லாம் தீர்ந்துபோகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கேட்டும் புரியவில்லை என்றால் குறை சொல்வளத்திலோ, கதை நடக்கும் உலகத்தைப் பற்றிய அறிவிலோ இருக்கும். 1986இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இதைப் பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள்: எழுத்தறிதல் ஒரு பக்கம், மொழிப்புரிதல் ஒரு பக்கம்; இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான்.

கலைச்சொற்களில் தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் என் மகனிடம் தொடங்கினேன். மையக்கருத்து என்றால் என்ன என்று கேட்டால் கடகடவென்று ஒப்பித்துவிடுவான். "சரி, இந்தக் கதையில் அது எது?" என்றால், "யானை" என்பான்.

அப்புறம் நானே நாலு வரி எழுதிக் கொடுத்தேன்:

மீனா ஈரக் குடையை மூலையில் சாய்த்தாள். பாட்டி துண்டை நீட்டினாள். "இன்னைக்கும் அவ வரலையா?" என்றாள். மீனா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே என்ன நடக்கிறது? மழை. கதையில் எங்கே மழை என்று இருக்கிறது? எங்கும் இல்லை. குடையும் துண்டும்தான் சொல்கின்றன. அவள் வராதது எத்தனையாவது நாள்? இங்கேதான் மகன் திணறினான். "இன்னைக்கு" என்றும் "இன்னைக்கும்" என்றும் மாற்றி மாற்றி வாசிக்கச் சொன்னேன். நாலாவது தடவை, "நேத்தும் வரலையாப்பா!" என்று கத்தினான். அந்த ஒரு 'உம்' நேற்றைய கதையையே சொல்லிவிடுகிறது. 'ஜன்னலையே' என்பதில் உள்ள ஏகாரமும் அப்படித்தான். மீனாவின் மனசு அதில் இருக்கிறது. தமிழில் வாசிக்கிற குழந்தைக்கு இந்த உம், ஏ, தான் ஆகியவற்றைக் கவனிக்கப் பழக்கினாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

கதைமாந்தர், களம், சிக்கல் எல்லாம் இந்த நாலு வரிக்குள்ளேயே வந்துவிட்டன. இப்போது பெயரைச் சொன்னால் ஒட்டிக்கொள்ளும். நோக்குநிலைக்கு, அதாவது கதையை யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதற்கு, இதையே பாட்டி சொல்வதுபோல் மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். மையக்கருத்தைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். மூன்றாம் வகுப்பில் அது அரைகுறையாக வந்தால்கூடப் போதும். கதைக்கு நீதி எழுதச் சொல்லும் வழக்கத்தால்தான் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பின்னணி அறிவையும் விட்டுவிடாதீர்கள். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைக் கொடுத்தார்கள். ஆட்டம் தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கடல் கதை கொடுப்பதற்கு முன்னால் கடலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள்.

ஒன்று மட்டும்: முதல் வாசிப்பில் குறுக்கே நிறுத்தாதீர்கள். கேள்வியெல்லாம் இரண்டாம் வாசிப்பில். அதுவும் ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் போனால், நீங்கள் புத்தகத்தை எடுத்ததுமே பிள்ளை ஓடிவிடும். என் வீட்டில் ஓடியிருக்கிறது.