சீட்டைக் கழற்றிக் கழுவிய பிறகு எரியும் எயார்பேக் விளக்கு

கேள்வி: வணக்கம் அண்ணா. நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். 2014 மாடல் ஜப்பான் ரீகண்டிஷன் ஹைபிரிட் கார். சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் காரின் உள்பக்கம் முழுவதையும் கழுவக் கொடுத்தோம். முன் சீட் இரண்டையும் கழற்றித்தான் கழுவினார்கள். மூன்று நாள் கழித்து எயார்பேக் விளக்கு எரியத் தொடங்கியது. சில நேரம் தானாக அணையும், குழியில் விழுந்தால் திரும்ப எரியும். பக்கத்து சீட்டில் மரக்கறிப் பையை வைத்தாலே சீட் பெல்ட் அலாரமும் கத்துகிறது. ஒரு கராஜில் "சீட் சென்சர் போய்விட்டது, பஞ்சிகாவத்தையில் பாவித்த சீட் ஒன்று எடுத்து அப்படியே மாற்றலாம்" என்கிறார்கள். இன்னொரு பாஸ், "விளக்கை நிற்பாட்டித் தருகிறேன், பிரச்சினை முடிந்தது" என்கிறார். எயார்பேக் திடீரென்று வெடித்துவிடுமா? ஐந்து வயது மகனை முன்னால் இருத்தலாமா?

பதில்: தங்கச்சி, நீங்கள் சொல்வது இரண்டு வேறு விஷயங்கள். கராஜில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள்.

மரக்கறிப் பை சத்தம் போட வைப்பது பழுதே இல்லை. பக்கத்து சீட்டின் மெத்தைக்குள் மெல்லிய தாள் போல ஒரு சென்சர் விரித்திருக்கும். சில கிலோ பாரம் விழுந்ததும் ஆள் உட்கார்ந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு பெல்ட்டைக் கேட்கும். பூசணிக்காயா, மாமியாரா என்று அதற்குத் தெரியாது. பையைப் பின் சீட்டிலோ காலடியிலோ வையுங்கள். அந்த அலாரத்தை ஏமாற்றக் கடைகளில் பொய்க் கொக்கி விற்கிறார்கள், அதை மட்டும் வாங்காதீர்கள். காலிச் சீட்டிலும் அலாரம் கத்தினால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் முதல் சந்தேகம் ஷாம்பூத் தண்ணீர் மேல். ஸ்பொஞ்ச் மேலே காய்ந்திருந்தாலும் அடியில் நாள்கணக்கில் ஈரம் நிற்கும். இரண்டு மூன்று நாள் பகல் வெயிலில் கதவுகளைத் திறந்து வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

யூடியூப்பில் பார்த்துவிட்டு "சீட்டுக்கு ஸீரோ கலிப்ரேஷன் செய்ய வேண்டுமாமே" என்று கேட்டு வருகிறவர்களும் உண்டு. அந்த வீடியோக்களில் வருவது பெரும்பாலும் அமெரிக்கச் சந்தைக் கார்கள். அவற்றில் சீட் ஆளின் எடையை அளந்து, சிறு பிள்ளை என்றால் அந்தப் பக்க எயார்பேக்கை நிறுத்திவிடும். அப்படிப்பட்ட சீட்டைக் கழற்றிப் பூட்டினால் ஸ்கேனரால் எடையைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரத்தான் வேண்டும். ஜப்பான் உள்நாட்டுப் பாவனைக்குச் செய்து இங்கே வந்த கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆள் இருக்கிறாரா இல்லையா என்று மட்டும் பார்க்கும் எளிய சென்சர்தான். உங்கள் டாஷ்போர்டில் பக்கத்து எயார்பேக் நிறுத்தப்பட்டுள்ளது என்று காட்டும் தனி விளக்கு இல்லையென்றால் அந்தக் கதையை விட்டுவிடுங்கள்.

இனி எயார்பேக் விளக்கு. காரை ஓன் செய்ததும் அது ஏறக்குறைய 6 விநாடி எரிந்து அணைய வேண்டும். அந்த நேரத்தில் எயார்பேக் கணினி ஒவ்வொரு பையின் வயரையும் தொட்டுப் பார்க்கிறது. பையைப் பற்றவைக்கும் சிறு திரியின் மின்தடை ஏறக்குறைய 2 ஓம். பிளக்கில் கொஞ்சம் பச்சை பூத்தாலோ, பின் ஒன்று தளர்ந்தாலோ அந்தக் கணக்கு உடனே பிசகிவிடும். கணினி விளக்கை எரிய விடும். எனவே விளக்கு எரிகிறது என்றால் பை வெடிக்கப் போகிறது என்று பொருளில்லை. வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காமல் போகலாம் என்றுதான் அது சொல்கிறது. உங்கள் பயம் தலைகீழாக இருக்கிறது.

சீட்டைக் கழற்றிப் பூட்டிய சில நாளில் விளக்கு வந்தது, குழியில் விழுந்தால் எரிகிறது, தானாக அணைகிறது. இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் நான் வேறெங்கும் தேட மாட்டேன், நேரே சீட்டுக்கு அடியில்தான் குனிவேன். சீட்டின் தோள் ஓரத்தில் எஸ்ஆர்எஸ் எயார்பேக் என்று சிறிய துணி லேபல் தைத்திருந்தால் சீட்டுக்குள்ளேயே பக்கவாட்டுப் பை இருக்கிறது. அதற்குப் போகும் வயர், தரையிலிருந்து ஒரு மஞ்சள் பிளக் வழியாக மேலே ஏறும். மஞ்சள் நிறம் பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பொது அடையாளம், எயார்பேக் வயர் என்றால் மஞ்சள்.

போன வருடம் ஒருவர் இதே கதையோடு வந்தார். சீட்டை முழுவதும் பின்னால் தள்ளி, டோர்ச்சை அடித்துக்கொண்டு முன்பக்கமாகத் தலையை விட்டுப் பார்த்தேன். கச்சான் கோது, ஒரு ஐந்து ரூபாக் குத்தி, பிள்ளையின் கலர் பென்சில். அதற்குள் மஞ்சள் பிளக் பூட்டியது போலத்தான் தெரிந்தது. விரலால் தொட்டால் ஒரு நூலளவு ஆடியது. சரியாகப் பூட்டினால் "டிக்" என்று ஒரு சத்தம் வரும், அதற்கு மேல் ஒரு சிறு பூட்டும் விழ வேண்டும். அந்த இரண்டாவது பூட்டு விழவேயில்லை. கழுவியவர் அவசரத்தில் பாதியில் விட்டிருக்கிறார். வயரைத் தாங்கும் கிளிப்பும் போடப்படவில்லை. அதனால் சீட்டை முன்னே பின்னே தள்ளும் ஒவ்வொரு முறையும் வயர் இழுபட்டிருக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பின்களில் ஷாம்பூ காய்ந்த வெள்ளைப் பொடி. கொன்டக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, காயவிட்டு, "டிக்" கேட்கும் வரை பூட்டி, கணினியில் பதிந்திருந்த பழுதுக் குறியீட்டை, அதாவது கோட்டை, ஸ்கேனரால் அழித்தேன். அவரிடமும் சீட் மாற்ற வேண்டும் என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள்.

நீங்களே செய்யக்கூடியது எவ்வளவு? குனிந்து பார்க்கலாம். அடியில் சிக்கியிருக்கும் சாமானை எடுக்கலாம். சீட்டை மெல்ல முன்னே பின்னே தள்ளி, விளக்கு மாறுகிறதா என்று கவனிக்கலாம். ஒரு படமும் எடுத்து வையுங்கள். அந்த மஞ்சள் பிளக்கில் கை வைப்பதை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். அவர் முதலில் காரை ஓஃப் செய்து, 12 வோல்ட் பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விபத்தில் பற்றரி நசுங்கினாலும் பை வேலை செய்வதற்காகக் கணினிக்குள் கொஞ்சம் மின்சாரம் சேமித்திருக்கும், அது வடியவே இந்த நேரம். டொயோட்டா கையேடுகள் 90 விநாடி என்கின்றன, ஹொண்டா 3 நிமிடம் என்கிறது. நான் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வருவேன். சாதாரண மல்டிமீட்டரை எடுத்து எயார்பேக் வயரில் ஓம் பார்க்கக் கிளம்புகிறவர் யாராக இருந்தாலும் திறப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மீட்டர் அனுப்பும் மின்னோட்டமே திரியைப் பற்றவைக்கக்கூடும். 0.03 விநாடியில் விரிகிற பைக்கு முன்னால் முகத்தை வைத்திருப்பவர் பாவம்.

பற்றரி கழற்றுவதில் இன்னொரு தலையிடி. ஜப்பானில் பூட்டி வந்த ரேடியோவே இன்னும் இருந்தால், மின்சாரம் போய் வந்ததும் அது பூட்டிக்கொள்ளலாம். சிலது அதனோடு வந்த மேப் எஸ்டி கார்டைக் கேட்கும். கார்ட் வீட்டில் எங்கே கிடக்கிறது என்று இப்போதே தேடி வையுங்கள்.

கராஜுக்குப் போனதும் பாகம் எதையும் பற்றிக் கதைக்க முதல் எயார்பேக் பகுதியை ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். மலிவான புளூடூத் கருவிகள் பெரும்பாலும் எஞ்ஜின் கோட்களோடு நின்றுவிடும். அவை "ஒன்றுமில்லை" என்று காட்டினால் நம்பாதீர்கள். எஞ்ஜின் கோட் பி எழுத்தில் தொடங்கும், எயார்பேக் கோட்டும் தமிழில் பி தான், ஆங்கிலத்தில் முதலாவது பென்சிலின் பி (P), மற்றது பஸ்ஸின் பி (B). திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பக்கத்து சீட் பக்கவாட்டுப் பையின் வயரில் தடை கூடுதல் என்று வந்தால் பிளக்தான் முதல் குற்றவாளி. கோட் தற்போது இருக்கிறதா, பழையதாகப் பதிவில் மட்டும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். திருத்திய பிறகும் விளக்கு எரியலாம். சில கார்களில் பழைய கோட்டை ஸ்கேனரால் அழித்தால்தான் அணையும்.

கோட் வேறு இடத்தைக் காட்டினால் கதையும் வேறு. ஹோர்னும் ஸ்டியரிங் சுவிட்ச்களும் சேர்ந்து வேலை செய்யவில்லையென்றால் ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் ஸ்பைரல் கேபிள் அறுந்திருக்கும். அதைப் பூட்டும்போது நடு நிலையில் வைக்காவிட்டால் முதல் முழுத் திருப்பத்திலேயே புதியதும் அறுந்து போகும். பற்றரி பலவீனமாகி வோல்ட் இறங்கினாலும் விளக்கு வரும். கார் ஒருமுறை வெள்ளத்தில் நின்றிருந்தால் எனக்கு வேறு கவலை. எயார்பேக் கணினி பெரும்பாலான கார்களில் கியர் பெட்டிக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக இருக்கிறது. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் நின்ற கார்கள் பல பிறகு கைமாறின. கார்பட்டைத் தூக்கிப் பார்த்தால் சேறு சொல்லிவிடும்.

"விளக்கை நிற்பாட்டித் தருகிறேன்" என்ற பாஸைப் பற்றி. இதில் வழக்கமான வித்தைகள் சில உண்டு. பல்பைக் கழற்றிவிடுவது ஒன்று. பை இருக்க வேண்டிய இடத்தில் 2 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகி, கணினியை நம்ப வைப்பது இன்னொன்று. மூன்றாவது கொஞ்சம் கெட்டித்தனமானது, எயார்பேக் விளக்கின் வயரை ஒயில் விளக்கோடு சேர்த்துக் கட்டிவிடுவது. எஞ்ஜின் ஓடியதும் இரண்டும் சேர்ந்து அணையும், பார்ப்பவர் திருப்திப்படுவார். பாவித்த கார் வாங்கப் போகும்போது பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பட்டனை இரண்டு தரம் அமர்த்துங்கள். எஞ்ஜின் ஓடாது, விளக்குகள் மட்டும் எரியும். எயார்பேக் விளக்கு தனியாக 6 விநாடியில் அணைய வேண்டும். எரியவேயில்லை, அல்லது அணையவேயில்லை என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் பழுது இருக்கிறது. ரெசிஸ்டர் வித்தையை மட்டும் இப்படிப் பிடிக்க முடியாது, பிளக்கைப் பார்த்தால்தான் தெரியும்.

பஞ்சிகாவத்தைச் சீட் பற்றிக் கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதுதான். கதவுக் கண்ணாடி, ஹெட்லைட், கியர் பெட்டி என்று நானும் அங்கேதான் போகிறேன். ஆனால் அந்தச் சீட்டின் பக்கவாட்டுப் பை எந்த வெயிலில் கிடந்தது, எந்தத் தண்ணீரில் நின்றது என்று கடைக்காரருக்கே தெரியாது. பாவித்த எயார்பேக்கைச் சோதிக்க ஒரே வழி அதை வெடிக்க வைப்பதுதான். சீட் கவரும் அப்படியே. ரெக்ஸினில் இறுக்கித் தைத்த கவர் லேபல் இருக்கும் ஓரத்தை மூடினால் பை வெளியே வர வழியில்லை. உங்கள் சீட்டில் கவர் இருந்தால் அந்த ஓரத்தைப் பாருங்கள்.

விளக்கு சொல்லாத ஒன்றும் இருக்கிறது. டகாட்டா நிறுவனத்தின் பழைய எயார்பேக்குகளில் வாயுவை உண்டாக்கிய அமோனியம் நைட்ரேட், வருடக்கணக்கான சூட்டிலும் ஈரப்பதத்திலும் கெட்டு, பை விரியும்போது உலோகத் துண்டுகளைத் தெறிக்க வைத்தது. உலக வாகன வரலாற்றின் மிகப் பெரிய மீளழைப்பு அது. நிறுவனம் 2017இல் வங்குரோத்தானது. சூடும் ஈரமும் என்றால் கொழும்பு. இந்தப் பழுதுக்கு டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது, ஏனென்றால் வயர் நன்றாகத்தான் இருக்கும். ரீகண்டிஷன் காரில் மீளழைப்புக் கடிதம் ஜப்பானில் இருந்த முதல் உரிமையாளருக்குத்தான் போயிருக்கும். பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தை எடுத்து, தயாரிப்பாளரின் ஜப்பான் இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது இங்குள்ள முகவரிடம் கொடுத்துக் கேளுங்கள்.

மகன் பின் சீட்டில்தான், அவருடைய உயரத்துக்கு ஏற்ற பிள்ளைகள் சீட்டில். விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் இதில் மாற்றமில்லை. "எயார்பேக்தான் வேலை செய்யாதே, முன்னால் இருத்தலாம்" என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். எந்தப் பை விரியும், எது விரியாது என்பது அந்த நேரத்தில் கணினிக்குத்தான் தெரியும். கார் ஓடுவதிலும் பிரேக்கிலும் இந்தப் பழுதால் ஒன்றும் குறையாது, கராஜ் வரை தாராளமாக ஓட்டலாம். பெல்ட் எல்லோருக்கும் கட்டாயம்.

முதலில் கழுவிய இடத்துக்கே போய், சீட்டுக்கு அடியில் அவர்கள் கழற்றிய பிளக்குகள் எத்தனை என்று கேளுங்கள். பிறகு ஸ்கேன். கோட்டும் நீங்கள் எடுத்த படமும் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள், சீட்டுக்குக் காசு கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.