ஜெபித்தும் நோய் போகவில்லை. மாத்திரை எடுப்பது அவிசுவாசமா?

கேள்வி: எனக்கு வயது 54. ஒன்பது வருடமாக முடக்குவாதம். எட்டு மாதத்துக்கு முன் கணவர் புற்றுநோயில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சபையே உபவாசித்து ஜெபித்தும் அவர் பிழைக்கவில்லை. "மாத்திரையை நம்புகிறாய், அதனால்தான் உனக்கும் சுகமில்லை" என்று ஒருவர் சொன்னதால், வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்ஸேட்டை 2 மாதமாக நிறுத்திவிட்டேன். இப்போது காலையில் விரல்களை மடக்கவே 2 மணி நேரம் ஆகிறது. முழங்காலில் நிற்க முடியவில்லை. ஜெபமும் வரவில்லை. கர்த்தர் என்னையும் எடுத்துக்கொண்டால் போதும் என்றிருக்கிறது. மாத்திரையைத் திரும்ப எடுக்கலாமா? என் விசுவாசம்தான் குறைவா?

பதில்: சகோதரி, உங்கள் கேள்விகளுக்கு முன்னால், "எடுத்துக்கொண்டால் போதும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசிவிடுவோம். கணவர் இருக்கும் இடத்துக்கே போய்விட வேண்டும் என்ற ஏக்கம் துக்கத்தில் பலருக்கும் வரும். ஆனால் எப்படிச் சாவது என்று மனம் வழி தேட ஆரம்பித்தாலோ, மாத்திரைகளைச் சேர்த்துவைக்கத் தோன்றினாலோ அதை அவசரநிலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நிமிடமே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்; தனியாக இராமல் அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் மீதமிருக்கும் மெத்தோட்ரெக்ஸேட் அட்டைகளை இன்றே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.

சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. அவன் தூங்கினான்; தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான்; சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தான்; தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கேள்வி பதிலெல்லாம் அதற்குப் பிறகுதான். துக்கத்தில் இருப்பவருக்கு நானும் அதே வரிசையைத்தான் சொல்வேன். பசி இல்லாவிட்டாலும் மூன்று வேளையும் கொஞ்சமாவது சாப்பிடுங்கள். படுத்து 20 நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் புரளாமல் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்து, கண் சொக்கியபின் படுங்கள்.

இனி மாத்திரை. முடக்குவாதத்தில், கிருமியோடு போராட வேண்டிய எதிர்ப்புச் சக்தி மூட்டின் உட்சவ்வையே தாக்குகிறது. இதில் விசுவாசத்தின் அளவுக்கு இடமே இல்லை. மருந்தை நிறுத்தினால் அதன் பலன் சில வாரங்களில் மெல்லத் தேய்ந்து, அழற்சி மறுபடி கிளம்பும். உங்களுடைய 2 மணி நேர விறைப்பு அதைத்தான் காட்டுகிறது. இதை அப்படியே விட்டால் எலும்பின் விளிம்பு அரிக்கப்படும். அரித்தது பிறகு எந்த மருந்திலும் திரும்பாது.

ஆகவே திரும்ப எடுக்கத்தான் வேண்டும், ஆனால் நீங்களாகத் தொடங்காதீர்கள். இந்த வாரமே மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றையும் சோதித்துவிட்டு அவர் அளவு சொல்வார். வாரத்தில் எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதிவையுங்கள். துக்கத்தில் நாள் கிழமை குழம்பும். வார மாத்திரையைத் தினமும் போட்டுவிட்டால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை ஒடுங்கும், உயிருக்கே ஆபத்து. இதன் பக்கவிளைவைக் குறைக்கத் தரும் ஃபோலிக் அமிலத்தை மருத்துவர் சொல்லும் வேறொரு நாளில் போடுங்கள். முழுப் பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். நாலாம் வாரத்தில் "இதுவும் கேட்கவில்லை" என்று கைவிட்டுவிடாதீர்கள். ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் எடுத்துவந்து அதையும் சட்டென நிறுத்தியிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தலைசுற்றல், வாந்தி, மயக்கம் இருந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். உபவாச நாளில் வெறும் வயிற்றில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வேண்டாம். இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசியலாம்.

விசுவாசக் குறைவா என்று கேட்டீர்கள். சாகும் வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தான், இன்னும் 15 வருடம் என்ற வாக்கும் கிடைத்தது. அந்த வாக்கைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசிதான் அவனுடைய பிளவை என்ற கட்டியின்மேல் அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடவும் சொன்னான். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. அவரே தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியோடு விட்டுவந்ததாக எழுதுகிறார். இவர்கள் யாரையும் விசுவாசம் குறைந்தவர்கள் என்று வேதம் சொல்லவில்லை. உங்கள் கணவருக்காகச் செய்த ஜெபம் போதாமல் போனது என்ற கணக்கும் வேண்டாம். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். நீங்கள் அழுவதில் குற்றமில்லை.

ஜெபம் வராததற்கு உடம்பும் ஒரு காரணம். வலி, தூக்கமின்மை, துக்கம் மூன்றும் சேர்ந்து கவனத்தைத் தின்றுவிடும். விறைப்பு உச்சத்தில் இருக்கும் விடியற்காலையில்தான் ஜெபிக்க வேண்டும் என்று வருத்திக்கொள்ள வேண்டாம். கைகளை 10 நிமிடம் இதமான வெந்நீரில் வைத்து, மூட்டு இளகியபிறகு, கைப்பிடியுள்ள உயரமான நாற்காலியில் உட்காருங்கள். வேதாகமத்தைத் தாங்கியில் வையுங்கள், விரல் வலிக்காது. சொந்த வார்த்தை வராவிட்டால் சங்கீதத்தை வாசியுங்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆறுதலான கடைசி வரி அதில் கிடையாது. அதுவும் ஜெபமாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் தெம்பில்லையா? மூச்சை இழுக்கையில் "கர்த்தாவே", நிதானமாக விடுகையில் "இரங்கும்". ஐந்து நிமிடம் போதும்.

எட்டு மாதத்தில் அழுகை வருவது நோயல்ல. ஆனால் 2 வாரமாகத் தொடர்ந்து எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எல்லாவற்றுக்கும் நானே காரணம் என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம்; ஆலோசனையாலும் மருந்தாலும் குணப்படுத்தக்கூடியது. மூட்டு மருத்துவரிடமே அதையும் சொல்லுங்கள், மனநல மருத்துவரிடம் அனுப்புவார்.

உங்கள் போதகரிடம் இந்தப் பதிலைக் காட்டி இரண்டு உதவி கேளுங்கள். ரத்தப் பரிசோதனைக்கும் மருத்துவரைப் பார்க்கவும் துணைக்கு ஒருவர் வரட்டும். வாரத்தில் ஒரு மாலை ஒருவர் வந்து, புத்தி எதுவும் சொல்லாமல், உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க விரும்பினால் மனதார ஏற்றுக்கொள்ளுங்கள். அன்று மாத்திரைக் கிழமையானால் மாத்திரையையும் போட்டுக்கொள்ளுங்கள்.