கரட் விளையும் மலையில் கோதுமை ரொட்டி

கேள்வி: நாட்டுக்கே மரக்கறி அனுப்புவது நுவரெலியாவும் வெலிமடையும்தான். அங்கே இருப்பவர்களுக்குச் சாப்பாட்டுக்குக் கஷ்டம் என்று எழுதுகிறீர்கள். வீட்டைச் சுற்றி நாலு கன்று நட்டால் தீராதா? சோம்பலுக்கும் இப்போது வறுமை என்றுதான் பெயரா?
(வாசகர், வத்தளை)

பதில்: நடலாம். எங்கே என்பதையும் சொல்லியிருக்கலாம்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வாசலைத் தாண்டினால் கான், கானைத் தாண்டினால் தேயிலை. நிலம் பெரும்பாலும் அரசாங்கத்துடையது. 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகள் கையில். அப்படியும் கிடைத்த மூலையில் போஞ்சியும் கீரையும் போட்டுத்தான் இருக்கிறார்கள். தோட்டத்தை நடத்தும் துரை மாறினால் அந்தப் பாத்தி இருக்குமா தெரியாது. பன்றி வந்தால் இன்று இரவே இருக்காது.

2022 ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். சம்பளத்தோடு! கொழுந்து பறிக்கிறவள் வெள்ளிக்கிழமை மலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. போய், கிலோ குறைந்தால் அரைப் பேர். சோம்பலைப் பற்றி அவளிடம் பேசிப் பாருங்கள்.

சரி, குத்தகைக்காவது நிலம் எடுத்து மரக்கறி செய்கிறவர்கள்? விதை, உரம், மருந்து எல்லாம் கடன். கரட் கழுவும் இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நேரானதெல்லாம் மூட்டைக்குள் போய் தம்புள்ளைக்கு லொறி ஏறும். வெடித்தது, இரண்டு கால் முளைத்தது வீட்டுக் கறிக்கு. வந்த காசில் முதலில் கடைக்கடன், மிஞ்சினால் கோதுமை மா. விலை விழுந்தால் பிடுங்கும் கூலிக்கே கட்டாது; மண்ணோடு விட்டுவிடுவார்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்து, நவம்பரில் கைவிட்டார்கள். தடை போட்டவர்கள் யாரும் அந்தப் போகத்துக் கடனைக் கட்டவில்லை.

காலையில் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். வயிறு நிறையும், உடம்பில் இரத்தம் ஊறாது. 2019 அரசாங்கக் கணக்கிலேயே நாட்டில் வறியவர்கள் 14.3 வீதம், தோட்டப்புறத்தில் 33.8 வீதம். அத்தனை பேரும் சோம்பேறிகள் என்றால், நீங்கள் குடிக்கும் தேயிலையை யார் பறிப்பது?

தேயிலை கைவிடப்பட்டுப் புல் ஏறிக் கிடக்கும் நிலம் தோட்டங்களில் இருக்கிறது. அதைக் குடும்பங்களுக்குப் பிரித்து, காணி உறுதி எழுதிக் கொடுக்கச் சொல்லி நீங்களும் ஒரு கடிதம் போடுங்கள். நாலு கன்றுக் கதையை அப்புறம் பேசலாம்.